ஏழு தடவை தட்டுங்க: ஆப்பியம் வந்த கதை

இன்னிக்கு ஆரம்பிக்கும்போதே உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கையில ஆண்ட்ராய்டு போன் இருந்தா செட்டிங்ஸுக்குப் போங்க. உள்ளே 'பில்ட் நம்பர்'னு ஒரு வரி இருக்கும். சில போன்ல கொஞ்சம் தேடணும். அதை ஏழு தடவை தட்டுங்க. ஏழாவது தட்டுல 'நீங்க இப்போ டெவலப்பர்'னு போனே சொல்லும். பரீட்சை கிடையாது, இன்டர்வியூ கிடையாது. ஏழு தட்டு, அவ்வளவுதான்.

விளையாட்டு மாதிரி தெரியுதுல்ல? ஆனா இதுதான் ஒரு பெரிய வேலையோட முதல் படி. நம்ம போனைக் கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டு மாட்டி, கம்ப்யூட்டரே அந்தப் போனை ஓட்டி, ஒரு ஆப் சரியா வேலை செய்யுதான்னு சோதிக்கிற வேலை. அதுக்கு இன்னிக்கு உலகம் முழுக்கப் பயன்படுற மென்பொருள்கள்ல ஒண்ணு ஆப்பியம். இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

நான் முதல்ல பார்த்த வேலை மேனுவல் டெஸ்டர். ஒரே லாகின் ஸ்க்ரீன். சரியான பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கணும், தப்பான பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கணும், எதுவுமே போடாம பட்டனை அமுக்கிப் பார்க்கணும். மேஜையில அஞ்சு போன் இருந்தா அஞ்சிலயும். மறுநாள் ஆப் மாறி வந்தா மறுபடியும் முதல்ல இருந்து. இதைத் தானா செய்ய வைக்கலாம்னு கேள்விப்பட்டு, வீட்டுல உட்கார்ந்து ஆப்பியம் செட்டப் பண்ணப் பார்த்தேன். மூணு ராத்திரி போச்சு. கம்ப்யூட்டர்கிட்ட 'என்னென்ன போன் மாட்டியிருக்கு'ன்னு கேட்டா, தலைப்பு வரும், கீழே பட்டியல் காலியா இருக்கும். நமக்கு மண்டையில ஒண்ணும் இல்லபோலன்னே முடிவு பண்ணிட்டேன். கடைசியில பார்த்தா, நான் மாட்டியிருந்தது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள். தகவல் போறதுக்கான கம்பியே அதுல கிடையாது.

ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒண்ணு புரிஞ்சது. இந்த செட்டப்ல வர்ற ஒவ்வொரு படியும் ஒரு காலத்துல யாரோ மாட்டிக்கிட்ட ஒரு பிரச்சினைக்குப் பதில். அந்தப் பிரச்சினை தெரியாததாலதான் பதில் நமக்குத் தலைவலியா தெரியுது. அதனால இன்னிக்கு அந்தப் படிகளை ஒவ்வொண்ணா எடுத்து, அது எங்க இருந்து வந்ததுன்னு பார்க்கலாம்.

முதல்ல அந்த ஏழு தட்டு. முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்தது 2008 அக்டோபர்ல. அப்போ டெவலப்பருக்கான வசதிகள் செட்டிங்ஸ்லயே வெளிப்படையா இருந்தது. 2012 கடைசியில வந்த ஆண்ட்ராய்டு 4.2-ல அதை மறைச்சு வச்சாங்க. சாதாரண ஆள் தெரியாம கை வச்சு போனைக் குழப்பிடக் கூடாது. அதே சமயம், வேணும்ங்கிறவங்களுக்குக் கதவு பூட்டியும் இருக்கக் கூடாது. ஏழு தடவை யாரும் தெரியாம தட்ட மாட்டாங்க, இல்லையா?

அடுத்தது, கேபிள் மாட்டினதும் போன்ல வர்ற கேள்வி: 'இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா?' இது 2013-ல ஆண்ட்ராய்டு 4.2.2-ல வந்தது. அதுக்கு முன்னாடி, யூஎஸ்பி டீபக்கிங் ஆன்ல இருக்கிற போன் ஒண்ணு தொலைஞ்சு போனா, எடுத்தவன் தன் கம்ப்யூட்டர்ல மாட்டினாலே போதும். ஸ்க்ரீன் லாக் இருந்தாலும் உள்ளே நுழைய வழி இருந்தது. புது ஏற்பாட்டுல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு டிஜிட்டல் சாவி. போனோட சொந்தக்காரர் லாக்கைத் திறந்து 'சரி'ன்னு சொன்னாத்தான் அந்தச் சாவி செல்லும். அதைக் கவனிக்காம விட்டா, கம்ப்யூட்டர்ல உங்க போன் பேருக்குப் பக்கத்துல 'அன்ஆதரைஸ்டு'ன்னு வரும். திட்டாதீங்க. அது உங்க வீட்டுக் காவல்காரர்.

ஐபோன்லயும் அதே வருஷம் இதே கதை. 2013-ல அமெரிக்காவுல நடந்த பிளாக் ஹேட் மாநாட்டுல ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சார்ஜரைக் காட்டினாங்க. பார்க்கச் சார்ஜர், உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஐபோனை அதுல மாட்டினா ஒரு நிமிஷத்துக்குள்ள கெட்ட ஆப் ஒண்ணு போனுக்குள்ள இறங்கிடும். அதுக்கு ஒரு விஷச் சிலந்தியோட பேரை வச்சாங்க: மாக்டன்ஸ். அந்த வருஷம் வந்த ஐஓஎஸ் 7-ல இருந்துதான் 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?'ங்கிற கேள்வி நம்ம ஐபோன்ல வருது.

ஆக, போனுக்குள்ள நுழையற வழி இவ்வளவு. நுழைஞ்ச பிறகு பட்டனை அமுக்கறது யாரு? அதுக்குக் கொஞ்சம் பின்னால போகணும்.

2000-கள்ல டெஸ்டிங் டூல்னாலே மெர்க்குரி இன்டராக்டிவ்ங்கிற கம்பெனிதான். பெரிய கம்பெனிகள் லைசென்ஸ் வாங்கிப் பயன்படுத்துற டூல்கள். 2006-ல எச்பி அந்தக் கம்பெனியை சுமார் 450 கோடி டாலருக்கு வாங்குச்சுன்னா, அதுல எவ்வளவு பணம் புரண்டுச்சுன்னு பார்த்துக்கோங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2004-ல, சிகாகோவுல தாட்வொர்க்ஸ் கம்பெனியில ஜேசன் ஹக்கின்ஸ்னு ஒருத்தர், ஆபீஸ் உள்ளே பயன்படுற ஒரு வெப் ஆப்பைச் சோதிக்கிறதுக்காக ஒரு டூல் எழுதினார். பேரு செலினியம். பேருக்குள்ள ஒரு கிண்டல் இருக்கு. மெர்க்குரின்னா பாதரசம். பாதரச விஷத்துக்கு மாற்று மருந்து செலினியம்னு ஒரு பேச்சு உண்டு. புரிஞ்சதா?

செலினியம் வெப்சைட்டுக்கு மட்டும்தான். பிரவுசருக்குள்ள பட்டனை அமுக்கும், எழுத்தை டைப் பண்ணும். அப்புறம் நம்ம வாழ்க்கை பிரவுசர்ல இருந்து போனுக்கு மாறுச்சு.

2011. டேட்டிங் ஆப் நடத்துற ஸூஸ்க் கம்பெனியில டேன் குவெல்லார்னு ஒரு டெஸ்ட் மேனேஜர். அவரோட பிரச்சினை நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சினைதான்: ஐபோன் ஆப்பைச் சோதிச்சு முடிக்கவே ரொம்ப நேரம் ஆகுது. குறைச்சுச் சோதிக்கலாமேன்னா, பயம். ஏன்னா தப்பு ஏதாவது வெளியே போயிட்டா, திருத்தின ஆப்பை ஆப்பிள் சரிபார்த்து விடறதுக்கே பல நாள் ஆகும். அதுவரைக்கும் யூஸர் எல்லாரும் அந்தத் தப்போடதான் இருக்கணும்.

ஆப்பிள் 2010-லயே யூஐ ஆட்டோமேஷன்னு ஒரு டூல் கொடுத்திருந்தது. ஆனா சோதனையை ஜாவாஸ்க்ரிப்ட்லதான் எழுதணும், ஆப்பிளோட இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ப்ரோகிராமுக்குள்ளதான் ஓட்டணும். முழுசா எழுதிக் கொடுத்துட்டு முடிவுக்குக் காத்திருக்கணும். நடுவுல நிறுத்தி 'இப்போ இதை அமுக்கு'ன்னு சொல்ல முடியாது. மத்த கம்பெனி டூல்களுக்கு, உங்க ஆப்புக்குள்ளயே அவங்க கோடைச் சேர்க்கணும். அப்போ நீங்க சோதிக்கிறதும் யூஸர் கைக்குப் போறதும் ஒரே ஆப் இல்லைன்னு ஆயிடுது.

குவெல்லார் மேலதிகாரிகிட்ட டைம் கேட்டு ரெண்டு வாரம் நோண்டினார். கடைசியில கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு பூட்டின ரூம், உள்ளே ஒருத்தர். அவர்கூட நேரா பேச முடியாது. ஆனா கதவிடுக்கு வழியா சீட்டு தள்ளலாம். உள்ளே இருக்கறவர் முதல் சீட்டை எடுத்துப் படிப்பார், சொன்னதைச் செய்வார், பதிலை எழுதி வெளியே தள்ளுவார், அடுத்த சீட்டுக்குக் காத்திருப்பார். குவெல்லார் செஞ்சது அப்படியே இதுதான். ஆப்பிளோட டூலுக்குள்ள ஒரு சின்ன ஸ்க்ரிப்ட். அது வரிசை எண் போட்ட டெக்ஸ்ட் ஃபைல்களை ஒவ்வொண்ணா படிக்கும், அதுல இருக்கிற கட்டளையை ஓட்டும், விடையை எழுதி வைக்கும். ஆப்பிள் அனுமதிச்ச வழியிலயே, ஆப்பிள் நினைச்சுப் பார்க்காத ஒரு வேலை. ஐஓஎஸ் ஆட்டோன்னு பேர் வச்சார்.

2012-ல லண்டன்ல செலினியம் மாநாடு. குவெல்லார் வேற ஒரு தலைப்புல பேசப் போனார், நடுவுல இதையும் காட்டினார். பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ், இதைப் பத்தி மட்டும் ஒரு குட்டிப் பேச்சு பேசச் சொன்னார். மேடை ஏறினா லேப்டாப் மக்கர். 'சரி, அடுத்தவரைக் கூப்பிடுவோம்'ங்கிற கட்டத்துலதான் திரையில படம் வந்தது. நாலு மாசம் கழிச்சு ஹக்கின்ஸ்கிட்ட இருந்து போன். அவர் அப்போ சாஸ் லேப்ஸ் கம்பெனியில ஐபோன் சோதனைக்கு வழி தேடிட்டு இருந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு பார்ல ரெண்டு பேரும் சந்திச்சாங்க, குவெல்லார் கோடைத் திறந்து காட்டினார். 'இதை ஓப்பன் சோர்ஸ் ஆக்கு'ன்னு ஹக்கின்ஸ் தூண்ட, ஆகஸ்ட்ல அது கிட்ஹப்ல ஏறுச்சு.

பேரை மாத்தணும்னு யோசிச்சு 'ஆப்பிள்கார்ட்'னு முடிவு பண்ணாங்க. மறுநாள் ஹக்கின்ஸ் ஆப்பிளோட டிரேட்மார்க் விதிகளைப் படிச்சா, 'இப்படியெல்லாம் பேர் வைக்காதீங்க'ங்கிற உதாரணத்துல முதல் பேரே ஆப்பிள்கார்ட்! மறுபடி யோசிச்சு வந்த பேர்தான் ஆப்பியம். ஆப்களுக்கான செலினியம்.

2013 ஜனவரியில சாஸ் லேப்ஸ் இதை முழுசா ஆதரிக்க முடிவு பண்ணுச்சு. ஜோனதன் லிப்ஸ் போன்றவங்க சேர்ந்து நோட் ஜேஎஸ்ல திரும்ப எழுதினாங்க, அதே வருஷம் ஆண்ட்ராய்டும் சேர்ந்தது. வாடகைக்குச் சோதனை வசதி கொடுக்கிற கம்பெனி எதுக்கு ஒரு டூலை இலவசமா வளர்க்கணும்? டூல் பரவினா வாடகைக்கு வர்றவங்களும் அதிகமாவாங்க. அதுல தப்பில்லை. நமக்குக் கிடைச்சது என்னன்னா, வாடகை கொடுக்காமலும் வீட்டுல ஓட்டிக்கலாம்.

ஆனா அடுத்தவர் நிலத்துல கட்டின வீட்டுக்கு ஒரு ஆபத்து எப்பவும் உண்டு. 2016-ல ஐஓஎஸ் 10 வந்தப்போ ஆப்பிள் அந்தப் பழைய யூஐ ஆட்டோமேஷனையே தூக்கிடுச்சு. கதவிடுக்கே இல்லாம போச்சு. அப்போ கை கொடுத்தது ஃபேஸ்புக் ஓப்பன் சோர்ஸா வெளியிட்டிருந்த வெப்டிரைவர்ஏஜென்ட். ஆப்பிள் 2015-ல கொடுத்த புது டூலை வச்சு எழுதினது. இது ஐபோனுக்குள்ளயே ஒரு ஆப்பா உட்கார்ந்து கட்டளை வாங்கும். ஆப்பியம் அதை எடுத்துக்கிட்டு பிழைச்சுது.

அதோட விலையை இன்னிக்கும் நாம கொடுக்கறோம். நிஜ ஐபோன்ல எந்த ஆப் ஓடணும்னாலும் ஆப்பிள் கையெழுத்து வேணும், அதனால இந்த ஏஜென்ட்டுக்கும் வேணும். இலவச ஆப்பிள் ஐடியில போட்ட கையெழுத்து ஏழு நாள்ல காலாவதி. வருஷத்துக்கு 99 டாலர் கட்டினா அந்தத் தொல்லை இல்லை. திங்கட்கிழமை காலையில ஓடிட்டு இருந்தது அடுத்த திங்கட்கிழமை ஓடலைன்னா, உங்க கோடைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க.

கடைசிப் படி, டிரைவர். 2023-ல வந்த ஆப்பியம் 2-ல இருந்து, ஆப்பியத்தைப் போட்டா மட்டும் போதாது. ஆண்ட்ராய்டுக்கு ஒரு டிரைவர், ஐபோனுக்கு ஒரு டிரைவர்னு தனியா இறக்கணும். எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டிக்கிட்டே போனதுல மூட்டை பெருத்துப் போச்சு. ஒண்ணுல கை வச்சா இன்னொண்ணு ஆடும். அதனால பிரிச்சாங்க. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு ஆண்ட்ராய்டு போன் மாட்டினா, ஒவ்வொண்ணுக்கும் தனி போர்ட் எண் கொடுக்கறது நல்லதுங்கிறதையும் மறந்துடாதீங்க. கொடுக்கலைன்னா சில சமயம் ரெண்டு போனும் ஒரே வாசலுக்கு வந்து முட்டிக்கலாம்.

'இப்போதான் எல்லாம் கிளவுட்ல வாடகைக்குக் கிடைக்குதே, எதுக்குக் கேபிள்?'னு கேட்பீங்க. ஃபேஸ்புக் 2016-ல அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துல, பிரைன்வில் டேட்டா சென்டர்ல 2,000 போனை வச்சு ஒரு சோதனைக் கூடம் நடத்துறதா சொல்லுச்சு. அவங்ககிட்ட இல்லாத கம்ப்யூட்டரா? போன் மாதிரி நடிக்கிற மென்பொருளை வேணும்ங்கிற அளவு ஓட்டலாம். ஆனா பழைய போன்ல ஆப் எவ்வளவு திணறுதுன்னு பழைய போன்தான் சொல்லும்.

நமக்கு 2,000 போன் வேண்டாம். அம்மா மாத்திட்டுத் தூக்கிப் போட்ட ஒரு போன், தகவல் போற கேபிள் ஒண்ணு, சுமாரான ஒரு லேப்டாப். ஒரு காலத்துல பெரிய கம்பெனி மேஜையில மட்டும் இருந்த வேலையைக் கத்துக்க இவ்வளவு போதும். யாரோ பார்ல உட்கார்ந்து கோடைத் திறந்து காட்டினதால, இன்னொருத்தர் 'வெளியே விடு'ன்னு சொன்னதால.

அந்த மூணாவது ராத்திரி கேபிளை மாத்தி மாட்டினேன். போன்ல கேள்வி வந்தது, 'சரி'ன்னேன். காலியா இருந்த பட்டியல்ல ஒரு நம்பர், பக்கத்துல 'டிவைஸ்'னு ஒரே ஒரு வார்த்தை. கொஞ்ச நேரத்துல, நான் தொடாமலே லாகின் ஸ்க்ரீன்ல எழுத்து விழ ஆரம்பிச்சுது. தப்பான பாஸ்வேர்டு. அதுக்கு அப்புறம் சரியான பாஸ்வேர்டு. நான் கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துட்டு இருந்தேன்.

இந்த வாரக் கடைசியில முயற்சி பண்ணிப் பாருங்க. பட்டியல் காலியா இருந்தா முதல்ல கேபிளை மாத்துங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.