போருக்குப் பிந்தைய எசுப்பானியச் சிறுமியர் வரைகதை இதழ்கள்

எசுப்பானிய உள்நாட்டுப் போருக்குப் (1936–1939) பின், பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் சிறுமியருக்கெனத் தனியாகப் பல வரைகதை இதழ்கள் வெளிவந்தன. எசுப்பானியாவில் வரைகதை இதழைத் 'தெபெயோ' என்பர். 1917 இல் பார்சலோனாவில் தொடங்கிய 'தெபெஓ' என்ற இதழின் பெயரே பின்னர் பொதுப்பெயராயிற்று.

பின்னணி

பலாஞ்சே கட்சியின் மகளிர் பிரிவு, மனைவி, தாய் ஆகிய நிலைகளையே பெண்ணின் கடமையாகப் போதித்தது. திருமணமான பெண் வேலைக்குச் செல்லவும் கணவரின் அனுமதி தேவைப்பட்டது. இந்நிலை 1975 வரை நீடித்தது. 1938 ஆம் ஆண்டுச் சட்டப்படி இதழ்கள் அச்சாகும் முன்பே தணிக்கை செய்யப்பட்டன. சிறுமியர் இதழ்கள் இவ்வெல்லைக்குள்ளேயே இயங்கின.

வளர்ச்சி

'சிக்கோஸ்' என்ற சிறுவர் இதழை நடத்திவந்த கொன்சுவேலோ கில், 1941 இல் 'மிஸ் சிக்காஸ்' இதழைத் தொடங்கினார். கதைகளுடன் தையல், சமையல் குறிப்புகளும் இதில் இடம்பெற்றன. கெசுஸ் பிளாஸ்கோ வரைந்த 'அனித்தா திமினூத்தா' இதில் புகழ்பெற்றது. வீட்டுக்குள் அடங்கியிராமல் மாய உலகில் துணிவுடன் செல்லும் சிறுமி அவள்.

1946 இல் தொராய் பதிப்பகம் 'அசுசேனா'வை வெளியிட்டது. தேவதைகளும் இளவரசிகளும் நிறைந்த இதன் கதைகள் பெரும்பாலும் திருமணத்தில் முடிந்தன. 1949 இல் வந்த 'புளோரித்தா' நகரத்து இளம்பெண்ணின் அன்றாட வாழ்வைக் காட்டியது. 1958 இல் புருகுவேரா பதிப்பகத்தின் 'சிசி' வெளிவந்தது. 1962 இல் தோன்றிய 'மேரி நொத்தீசியாஸ்' கதையின் நாயகி தொலைக்காட்சிச் செய்தியாளர். சம்பாதிக்கும் பெண் கதைத்தலைவியானது குறிப்பிடத்தக்க மாற்றம்.

பெண் ஓவியர்கள்

'அசுசேனா'வில் ரோசா கல்செரான், 'மேரி நொத்தீசியாஸ்' கதையில் கார்மென் பார்பரா எனப் பல பெண்கள் இவ்விதழ்களில் வரைந்தனர். பெண்ணின் இடம் வீடே என்று போதித்த இதழ்களே சில பெண்களுக்கு வருவாயும் தொழில்முறை அடையாளமும் தந்தன.

பிற்காலம்

பார்சலோனா ஓவியர்கள் பலர் முகவர் நிறுவனங்கள் வழியாகப் பிரித்தானிய இதழ்களுக்கும் வரைந்தனர். அவர்களுள் ஒருவரான பூரித்தா கம்போஸ் 1971 முதல் வரைந்த ஆங்கிலத் தொடர், 1974 இல் 'எஸ்தர்' என்ற பெயரில் புருகுவேராவின் 'லில்லி' இதழுக்கு வந்தது. நட்பு, பள்ளி, முதற்காதல் எனச் சாதாரணப் பெண்ணின் வாழ்வைச் சொன்ன இத்தொடர் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2000களில் இது நூல்களாக மறுபதிப்பானபோது, சிறுவயதில் அதைப் படித்த பெண்களே மீண்டும் வாசகராயினர்.