இலைச்சாறும் வெள்ளித் துகளும்

வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் கலந்தால், நிறமற்ற கரைசல் சிறிது சிறிதாகப் பழுப்பேறுகின்றது. வெள்ளி அயனிகள் சாற்றிலுள்ள சேர்மங்களிடமிருந்து எலக்ட்ரானைப் பெற்று அணுக்களாகி, ஒன்றுகூடி நானோ துகள்களாகின்றன. அந்நிறமே அவற்றின் அடையாளம். இம்முறையை இன்று பசுமைத் தொகுப்பு என்கிறோம். அப்பசுமை எதனைக் குறிக்கின்றது என்பதை இதன் வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

1857ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே, பொன்னுப்புக் கரைசலைப் பாஸ்பரசால் ஒடுக்கிச் செந்நிறக் கூழ்மம் ஆக்கினார். பொன் மிக நுண்ணிதாகப் பகுபட்டால் அதன் நிறம் மாறும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1951இல் டர்கேவிச் குழுவினர் அதே பொற்கூழ்மத்தைச் சிட்ரேட்டு உப்பால் ஆக்கும் முறையை ஆராய்ந்து செம்மைப்படுத்தினர். எலுமிச்சைக்குப் புளிப்பூட்டும் அமிலத்தின் உப்பு அது! தாவர உலகின் பொருளொன்று அன்றே குடுவைக்குள் இருந்தது. எவரும் அதற்குப் பசுமை என்று பெயரிடவில்லை.

பெயர் பிறகு வந்தது. 1994இல் புருஸ்ட் குழுவினர் அறிவித்த முறை, சிறிய, நிலைத்த பொற்றுகள்களைத் தந்தது. ஆயினும் அதற்கு டோலுயீன் என்னும் நச்சுக் கரைப்பானும் போரோஹைட்ரைடும் வேண்டியிருந்தன. 1998இல் அனஸ்டாஸ், வார்னர் இருவரும் பசுமை வேதியியலுக்குரிய 12 கொள்கைகளை நூலாக்கினர். நச்சைத் தவிர்க்கும் வழிகளை ஆய்வாளர் பலரும் நாடினர்.

2002இல் டெக்சாசில் கார்டியா-டொரெஸ்டே குழுவினர், பொன்னுப்பு ஊட்டி வளர்த்த குதிரைமசால் செடியினுள்ளேயே பொன் நானோ துகள்கள் தோன்றுவதைக் கண்டனர். புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் முதலில் பூஞ்சைகளைக் கொண்டு முயன்று, பின்னர் இலைக்குத் திரும்பினர். 2003இல் ஜெரேனிய இலைச்சாறு, 2004இல் வேம்பு, அதே ஆண்டில் எலுமிச்சைப்புல். நம் சமையலறைச் செராய்க்கு இனமான அப்புல்லின் சாறு, பொன்னை முக்கோணத் தகடுகளாக்கிற்று. உருண்டைகளையே எதிர்பார்த்திருந்தோர்க்கு அது வியப்பன்றோ?

எனினும், இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. சிட்ரேட்டு ஒரே சேர்மம். அதன் அளவை மாற்றித் துகளின் அளவையும் மாற்றலாம். இலைச்சாறோ சர்க்கரை, பீனால்கள், டெர்பீன்கள், புரதங்கள் யாவும் கலந்த கலவை. மழைக்காலத் தளிரும் கோடையின் முற்றிய இலையும் ஒரே சாற்றைத் தருவதில்லை. புதிது புதிதாகச் செடிகளின் பெயரைச் சேர்த்துக்கொண்டு போகும் கட்டுரைகளைவிட, ஒரே செடியின் சாற்றில் எச்சேர்மம் இவ்வினையைப் புரிகின்றது என ஆராயும் கட்டுரையையே நாம் மதிக்கிறோம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இச்சோதனையைச் செய்யும் மாணவர், இலை பறித்த மாதத்தையும் அதன் முதிர்ச்சியையும் குறிப்பேட்டில் எழுதுவாராயின், அடுத்தவர் அதனை மீண்டும் செய்து பார்க்க இயலும்.

இன்னொன்றும் கூறவேண்டும். ஒடுக்கும் பொருள்தான் இலையிலிருந்து வருகின்றது. வெள்ளி நைட்ரேட்டு பழைய புட்டியிலிருந்தே வருகின்றது. அது தோலைக் கறுக்கச் செய்வது, நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு விளைவிப்பது. சோதனை முடிந்த பழுப்புக் கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றலாகாது.