வெள்ளமும் வீட்டுக் காப்புறுதியும்



வெள்ளம் பெருகும் நாட்களில் ஊரில் முதன்முதலாகத் திறக்கப்படுவது பாடசாலையின் கதவு. வாங்குகள் ஒருபுறம் ஒதுக்கப்படும். வகுப்பறைகள் குடும்பங்களின் உறைவிடமாகும். குழந்தையை இடுப்பிலும், துணிமூட்டையைத் தலையிலும், நனைந்த காணி உறுதியை மடியிலுமாகத் தாய்மார் வந்து சேர்வர். அதிபர் என்ற முறையில் அத்தகைய இரவுகளை நான் கண்டிருக்கிறேன். நீர் வடிந்தபின் அவர்கள் நாவில் எழும் கேள்வி ஒன்றே: இனி வீட்டை எதைக் கொண்டு கட்டுவது? இக்கேள்விக்கு விடை தேடிய ஒரு நாட்டின் வரலாற்றையே இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

தீயினின்று வீட்டைக் காக்கும் காப்புறுதி பழமையானது. 1666 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீ 13,000 க்கு மேற்பட்ட வீடுகளை அழித்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் கழியுமுன்னரே அங்கு தீக்காப்புறுதி நிறுவனங்கள் தோன்றிவிட்டன. வெள்ளத்தின் கதை வேறு. தீ பொதுவாக ஆயிரம் வீடுகளில் ஒன்றைப் பற்றும். ஏனைய வீட்டார் செலுத்திய கட்டுப்பணம் அந்த ஒருவரின் இழப்பை ஈடுசெய்யும். வெள்ளமோ பள்ளத்திலுள்ள வீடுகள் அனைத்தையும் ஒரே இரவில் மூழ்கடிக்கும். மேட்டில் வாழ்பவர் வெள்ளக் காப்புறுதியை நாடுவதில்லை. பள்ளத்தில் வாழ்பவரே நாடுவர். இழப்போர் பலராகவும் ஈடுசெய்வோர் சிலராகவும் உள்ள இத்தொழிலில் இறங்கத் தனியார் நிறுவனங்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசிசிப்பி ஆற்றங்கரை மக்கள் நெடுங்காலம் தங்கள் அணைக்கட்டுகளையே நம்பியிருந்தனர். 1927 ஆம் ஆண்டில் அக்கட்டுகள் பல இடங்களில் உடைந்தன. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். அரசாங்கம் அடுத்த ஆண்டே சட்டமியற்றிக் கட்டுகளைப் பலப்படுத்த முனைந்தது. காப்புறுதி நிறுவனங்களோ வெள்ளத்தைத் தம் பத்திரங்களிலிருந்து விலக்கிவிட்டன. 1956 இல் அரசாங்கமே வெள்ளக் காப்புறுதி வழங்குவதற்கு ஒரு சட்டம் நிறைவேறியது. பணம் ஒதுக்கப்படாமையால் அது ஏட்டளவிலேயே நின்றது.

1965 செப்டெம்பரில் பெட்சி என்னும் சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தாக்கி, நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட சேதத்தை விளைவித்தது. அதன் விளைவாக 1968 இல் தேசிய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் உயிர்நாடி ஓர் ஒப்பந்தமாகும். ஓர் ஊர் தன் தாழ்நிலங்களில் கட்டடம் எழுப்புவதை ஒழுங்குபடுத்தி, புதிய வீடுகளின் தளத்தைக் குறிக்கப்பட்ட வெள்ளமட்டத்துக்குக் குறையாது உயர்த்தச் செய்தால், அவ்வூரார்க்குக் காப்புறுதி கிட்டும். முதலில் காப்பு, பின்னர் உறுதி என்பதே அதன் கருத்து.

இங்கே கணக்கொன்றையும் கூறவேண்டும். "நூறாண்டு வெள்ளம்" என்னும் தொடரைக் கேட்போர், நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே அது வரும் என எண்ணி ஆறுதலடைகின்றனர். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். வீட்டுக் கடனைத் தீர்க்க எடுக்கும் முப்பது ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், அவ்வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிறது.

எனினும் அத்திட்டமும் குறையற்றதாய் அமையவில்லை. பழைய வீடுகள் பலவற்றுக்கு உண்மையான ஆபத்துக்குக் குறைந்த கட்டுப்பணமே அறவிடப்பட்டது. மூழ்கிய வீடு அதே இடத்தில் எழும், மீண்டும் மூழ்கும், மீண்டும் பணம் வழங்கப்படும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளியின்போது நியூ ஓர்லியன்சின் அணைகள் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் ஆழ்ந்தது. காப்புறுதித் திட்டம் பெருங்கடனில் வீழ்ந்தது. 2017 இல் 1,600 கோடி டொலர் கடனை அந்நாட்டுக் காங்கிரஸ் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அணைக்கட்டு தந்த துணிவும் காப்புறுதி தந்த துணிவும் சேர்ந்து, மக்களைப் பள்ளத்திலேயே இருத்திவிட்டன.

கடல் கடந்த இக்கதை நமக்கும் உரியதே. களனி கங்கையின் கரைகளில் கொழும்பைக் காக்க அணைகள் உண்டு. வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1924 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் 1947 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை முதியோர் மறந்திலர். 2016 ஆம் ஆண்டில் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் ஊடாக, இயற்கை அனர்த்தத்தால் சேதமுறும் வீட்டுக்கு 25 இலட்சம் ரூபா வரை ஈடு வழங்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திலேயே களனி பெருகிக் கொலொன்னாவையின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. சதுப்பு நிலங்களை நிரப்பி வீடு கட்டும்போது, நீர் தங்கும் இடத்தை நாமே பறித்துக்கொள்கிறோம் என்பதை அவ்வெள்ளம் நினைவூட்டியது.

ஆகவே வீடு கட்ட முனைவோர், காணி உறுதியை வாசிப்பதுபோலவே நிலத்தையும் வாசித்தல் வேண்டும். முன்னாளில் நீர் எதுவரை வந்தது என்று அயலிலுள்ள முதியோரைக் கேளுங்கள். அம்மட்டத்துக்கு மேலே தளத்தை உயர்த்துங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளம் என்ற சொல் சேர்க்கப்பட்டுள்ளதா, விலக்கப்பட்டுள்ளதா என்பதைக் கையொப்பமிடுமுன் பாருங்கள். பத்திரங்களை உயர்ந்த இடத்தில் வையுங்கள்.

காப்புறுதி என்னும் சொல்லிலே காப்பு முன்னே நிற்கிறது. உறுதி பின்னே வருகிறது. அம்முறையை மாற்றியவர்கள் அதற்குரிய விலையைக் கொடுத்தார்கள். பாடசாலை வாங்குகள் பிள்ளைகளுக்கே உரியனவாய் இருக்கட்டும்.