இஸ்பஹானின் புறாக் கோபுரங்கள்

இஸ்பஹான் என்றதும் நமது எழுத்துக்களில் நீல ஓடு பதித்த பள்ளிவாசல்களும் ஸாயந்தே நதிப் பாலங்களுமே முன்வந்து நிற்கின்றன. அரசர் கட்டியவற்றைப் போற்றும் நாம், அந்நகரைச் சூழ்ந்த வயல்வெளிகளில் நின்ற மண் கோபுரங்களை ஏன் கட்டிடக் கலையின் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

அவை புறா வீடுகள். 17ஆம் நூற்றாண்டில், ஸபவி ஆட்சிக்காலத்தில் பாரசீகம் சென்ற பிரான்சிய நகை வணிகர் ழான் ஷார்தேன், இஸ்பஹானைச் சுற்றி 3000க்கு மேற்பட்ட புறா வீடுகள் இருந்ததாக எழுதினார். புறாக்கள் வளர்க்கப்பட்டது பெரிதும் இறைச்சிக்காக அல்ல, எச்சத்துக்காகவே. முலாம்பழத் தோட்டங்களுக்கு அதைவிடச் சிறந்த பசளை இல்லையென விவசாயிகள் கண்டிருந்தனர். பறவைகள் வெளியே இரைதேடித் திரும்பின. கோபுரத்தின் கதவோ அடைபட்டே கிடந்தது. வருடத்தில் ஒருமுறை திறந்து எச்சத்தை அள்ளினார்கள்.

மரம் அரிதான பூமி அது. எனவே சுடாத செங்கல்லும் களிமண்ணுமே மூலப்பொருட்களாயின. வட்டமான வெளிச்சுவருக்குள் இன்னொரு வட்டச் சுவர். இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சுவர்கள். மேலே வளைவுகளும் குவிமாடங்களும். உட்சுவர் முழுவதும் அடுக்கடுக்காகப் புறா அமரும் மாடங்கள். உச்சியிலுள்ள சிறு கூண்டுகளின் துவாரங்கள் புறா நுழையுமளவுக்கே இருந்தன. பருந்து புக முடியாது. வெளிச்சுவரைச் சுற்றி வழுவழுப்பான சாந்துப் பட்டை பூசப்பட்டது. பாம்பு அதைக் கடந்து ஏறாது. எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனாராயினும், பறவையின் பழக்கத்தையும் அதன் பகைவரின் இயல்பையும் அறிந்தவராக இருந்திருக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

மண் கட்டிடத்துக்கு இடையிடையே புதுப்பூச்சு வேண்டும். எச்சத்தால் வருமானம் வந்தவரை அந்தப் பூச்சும் தவறாது நடந்தது. 20ஆம் நூற்றாண்டில் இரசாயனப் பசளை வந்ததும் கோபுரங்களின் தேவை குறைந்தது. தேவை குறைந்ததும் பராமரிப்பாரும் இல்லாமற்போயினர். மழையும் காலமும் மீதியைச் செய்தன. எலிசபெத் பீஸ்லி என்ற ஆய்வாளர் 1966இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். பின்னர் சில கோபுரங்கள் நினைவுச் சின்னங்களாகச் செப்பனிடப்பட்டன. மர்தாவிஜ் கோபுரம் அவற்றுள் ஒன்று.

அரச பள்ளிவாசலின் ஓடு உதிர்ந்தால் பதிக்க அரசு இருக்கிறது. உழவரின் கட்டிடத்துக்கு அதன் பயனே காவல். நமது வரலாற்றெழுத்தும் அரண்மனை வாசலிலேயே நின்றுவிடுமானால், இத்தகைய கட்டிடங்கள் நிலத்திலிருந்து அழிவதற்கு முன்பே நமது நினைவிலிருந்து அழிந்துபோகும்.