கொழுமியச் சவ்வில் ஒளிர்சாயங்கள்

உயிரணுவைப் போர்த்தியிருக்கும் சவ்வு, கொழுமிய மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அணிவகுத்து நிற்கும் படலம். அதன் தடிமன் ஏறத்தாழ 4 நானோமீட்டர். அதன் நெகிழ்வையும் ஈரத்தையும் அறிய ஆய்வாளர்கள் ஒளிர்சாயங்களைச் சிறிதளவு கலக்கிறார்கள். ஆனால் சாயம் வெளியாள். தான் புகுந்த இடத்தில் அணிவகுப்பைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, கலைந்த அந்த இடத்தைப் பற்றியே அது சேதி சொல்கிறது.

என்பிடி என்ற சாயத்தின் கதை இதற்கு நல்ல பாடம். சவ்வின் நடுப்பகுதியை அறியலாம் என்று அதைக் கொழுமிய வாலின் நுனியில் கட்டினார்கள். அதுவோ நீரை நாடும் தன்மை உடையது. எனவே வால் வளைந்து, சாயத்தை நீரை ஒட்டிய தலைப்பகுதிக்கே தூக்கிவந்துவிடுகிறது. அமிதாப சட்டோபாத்யாயவும் எர்வின் லண்டனும் 1987இல் வகுத்த ஆழமறியும் முறை இதைக் காட்டியது. மடங்கிய வால் பக்கத்து மூலக்கூறுகளையும் நெருக்கித் தள்ளும்.

கோல் வடிவ டிபிஎச் என்ற சாயம் வால்களுக்கிடையே பதுங்குவதால் இளகிய சவ்வில் தொல்லை குறைவு. இறுகிய சவ்வில் அதற்கு இடம் போதாது. சவ்வின் ஈரத்தைச் சொல்லும் சாயமும் உண்டு: கிரிகோரியோ வெபர் 1979இல் அறிமுகம் செய்த ப்ரோடானின் உறவான லார்டான், இறுகிய சவ்வில் சுமார் 440 நானோமீட்டரிலும், நீர் புகுந்த இளகிய சவ்வில் 490 அருகிலும் ஒளிர்கிறது.

'நூற்றுக்கு ஒன்றுதானே' என்று சாயத்தின் அளவை அலட்சியமாக எண்ணக் கூடாது. நெருக்கமாக அடுக்கிய ஒரு மூலக்கூறைச் சுற்றி அண்டை மூலக்கூறுகள் ஆறு. ஆகவே நூற்றில் ஒன்று சாயமானால், நூற்றில் ஆறு கொழுமியங்கள் அதைத் தொட்டு நிற்கும். அடுத்த வளையத்தையும் சேர்த்தால் பதினெட்டு. டிபிபிசி என்ற கொழுமியம் 41 பாகை செல்சியசில் திடீரென இளகும். சாயம் கூடினால் வெப்ப அளவியில் அந்த இளகலைக் காட்டும் கூர்முகடு அகன்று தாழ்கிறது.

ஒளியும் கெடுதல் செய்யும். நிறைவுறாக் கொழுமியமும் கொலஸ்டிராலும் கலந்த சவ்வாலான பெருங்கொப்புளம் ஒன்று நுண்ணோக்கியின் கீழ் ஒரே சீராகத் தெரிகிறது. விளக்கு எரிய எரிய அதில் வட்டத் திட்டுகள் முளைக்கின்றன. சாயம் ஒளியை வாங்கி ஆக்சிஜனைத் தூண்ட, கொழுமியம் பெராக்சைடாகிறது; திட்டுகள் அதன் விளைவு. இயற்கையில் அவை அங்கே இருந்தன என்று எழுதிவிட்டால் பெரும் பிழை. புரொப்பைல் காலேட் போன்ற எதிர் ஆக்சிஜனேற்றி சேர்த்தால் இது குறையும்.

சாயமே தேவைப்படாத டியூட்டீரிய அணுக்கரு காந்த ஒத்ததிர்வும் நியூட்ரான் சிதறலும் ஒப்பிட உதவும். எளிய சோதனையும் ஒன்று உண்டு: சாயத்தைப் பாதியாக்கி மறுபடி அளப்பது. இளகும் வெப்பநிலை நகர்ந்தால், முந்திய அளவீட்டில் சாயத்தின் கை இருந்திருக்கிறது.