பொங்கோல் சாலையும் இரண்டாவது வண்டியும்

பழமரக் கிளைகளின் மீது கோலெறிந்து கனிகளை வீழ்த்துவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து பொங்கோல் என்னும் பெயர் பிறந்தது என்பர். கோலெறிபவன் தன் பசிக்கு வேண்டிய கனிகளை மட்டும் வீழ்த்திவிட்டு நிறுத்திக்கொள்வானா என்பதைப் பெயர் சொல்லவில்லை.

சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில் அமைந்த அவ்வூர் நெடுங்காலம் மீனவர் குடில்களும் கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த நாட்டுப்புறமாகவே இருந்தது. ஒரே நெடுஞ்சாலை ஊரின் நடுவே ஓடிக் கடற்கரையில் முடிந்தது. 1984ஆம் ஆண்டில் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதென அரசு முடிவு செய்த பின்னர்ப் பண்ணைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1996ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் ‘பொங்கோல் 21’ என்னும் புதிய நகரத் திட்டத்தை அறிவித்தார். 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் வடகிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்டபோது, பொங்கோலில் ஏறியவர் வண்டி மாறாமலே லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்காச் சந்தைக்கு நடந்துவிட முடிந்தது. அத்தகைய ஊரில் ஓர் இளைஞருக்கு மோட்டார் சைக்கிள் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதற்கும் நியாயம் உண்டு. விடியுமுன் வேலைக்குச் செல்பவரும், உணவு விநியோகம் செய்பவரும், ஒரே நாளில் பல இடங்களுக்குக் கருவிகளோடு போக வேண்டியவரும் ரயிலை மட்டும் நம்பியிருக்க இயலாது. சிக்கல் முதல் வண்டியில் இல்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலுமே உள்ளது.

மோட்டார் சைக்கிள் இப்பகுதி மக்களிடையே பரவிய வரலாறு எளிமையானது. 1958ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். ஐம்பது சிசிக்கும் சற்றுக் குறைவான இயந்திரம், குறைந்த எரிபொருள், எளிய பழுதுபார்ப்பு. உழைப்பாளிக்கு அது போதுமானதாயிருந்தது. 2017ஆம் ஆண்டில் அவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியதற்குக் காரணம், அது போதும் என்று கருதியவர்கள் உலகில் அத்தனை பேர் இருந்தமையே.

இன்றைய புதிய ஓட்டுநரின் நிலை வேறு. அவர் முதலில் பெறும் உரிமம் 2பி வகுப்பு. 200 சிசி வரையுள்ள வண்டியை ஓட்டலாம். ஓராண்டு கழித்து 2ஏ வகுப்புத் தேர்வு எழுதினால் 400 சிசி வரை செல்லலாம். மேலும் ஓராண்டு கழித்து இரண்டாம் வகுப்பு உரிமம் பெற்றால் எவ்வளவு பெரிய வண்டியையும் ஓட்டலாம். அனுபவமில்லாதவர் கையில் ஆற்றல் மிக்க இயந்திரம் சேரக்கூடாது என்னும் நல்லெண்ணத்தில் அமைந்த படிக்கட்டு இது. ஆயினும் அதே படிக்கட்டு ஆசைக்கும் அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு வண்டி; பழையதை விற்க மனமில்லை; மழைநாளுக்கு ஒன்று, வார இறுதிக்கு ஒன்று என்று காரணங்கள் தாமே முளைக்கின்றன. தேர்வில் தேறிய மறுவாரமே விற்பனைக் கூடத்தில் நிற்கும் இளைஞரைக் குறைசொல்வது எளிது. பதவி உயர்வு பெற்றதும் பெரிய வீட்டைத் தேடும் பெரியவர்களும் அவரைப் போன்றவர்களே.

இவ்வாசை வேறு ஊரில் எழுந்தால் அது அவரவர் பணப்பையோடு முடிந்துபோகும். சென்னைத் திருவொற்றியூர் ஆலையில் 1950களிலிருந்து உருவான என்பீல்டு புல்லட்டை வாசலில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஸ்கூட்டர் ஒன்றும் வைத்துக்கொள்ளும் தமிழ்நாட்டுக் குடும்பத்தால் அண்டை வீட்டாருக்கு இன்று வண்டி கிடைக்காமற் போவதில்லை. சிங்கப்பூரில் கணக்கு அவ்வாறன்று. 1990ஆம் ஆண்டு மே மாதம் வாகனப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு புதிய வண்டிக்கும் பத்தாண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும். வாகனப் பெருக்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆண்டு விகிதம் தொடக்கத்தில் நூற்றுக்கு மூன்றாக இருந்து, பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து, 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் சுழியமாயிற்று. பழைய வண்டி ஒன்று பதிவிலிருந்து நீங்கினால்தான் பெரும்பாலும் புதிய வண்டிக்கு இடம் பிறக்கும். எனவே ஒருவர் வாங்கும் இரண்டாவது வண்டி, இன்னொருவர் வாங்கவிருந்த முதல் வண்டியின் இடத்தில் நிற்கிறது.

விலை இதனை வெளிப்படையாகக் காட்டியது. மோட்டார் சைக்கிள் சான்றிதழின் விலை 2022ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியது. அவ்வாண்டு நவம்பரில் பதின்மூன்றாயிரத்தையும் கடந்தது. பல சிறிய வண்டிகளின் விலையைவிட அவற்றை ஓட்டுவதற்கான காகிதத்தின் விலை மிகுந்துவிட்டது. அந்தப் பாரம் பெருமைக்காக வாங்குபவரின் தோளில் மட்டும் விழவில்லை. உணவுப் பொட்டலம் சுமப்பவரும் அதே ஏலத்தின் விலையையே கொடுக்க வேண்டியிருந்தது.

அரசு வாளாவிருந்தது என்று கூற முடியாது. 2017ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் மோட்டார் சைக்கிள்களுக்குப் படிநிலைப் பதிவுக் கட்டணத்தைக் கொண்டுவந்தார். சந்தை மதிப்பின் முதல் 5,000 வெள்ளிக்கு நூற்றுக்குப் பதினைந்து. அடுத்த 5,000 வெள்ளிக்கு ஐம்பது. அதற்கு மேல் முழு நூறு. கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு அதன் நோக்கம் விளங்கும். 4,000 வெள்ளி மதிப்புள்ள வண்டிக்கு முன்போலவே 600 வெள்ளிதான் கட்டணம். 15,000 வெள்ளி வண்டிக்கோ 2,250 வெள்ளியாக இருந்த கட்டணம் 8,250 வெள்ளியாக உயர்ந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் ஏல முன்பணமும் 200 வெள்ளியிலிருந்து 800 வெள்ளியாக்கப்பட்டது. வாங்குபவர் உறுதியாகுமுன்பே சான்றிதழ்களைக் குவிக்கும் விற்பனையாளரைக் கட்டுப்படுத்த அது ஓரளவு உதவக்கூடியது.

ஆயினும் இவ்விரு நடவடிக்கைகளும் வண்டியின் மதிப்பையும் விற்பனையாளரின் ஏலத்தையும் நோக்கின. ஒருவர் பெயரில் எத்தனை வண்டி என்பதை நோக்கவில்லை. விலை மலிந்த வண்டிகள் மூன்றை வைத்திருப்பவர் ஒவ்வொன்றுக்கும் அடிப்படை விகிதத்திலேயே கட்டணம் செலுத்துகிறார். விலையுயர்ந்த ஒற்றை வண்டியை நாள்தோறும் ஓட்டுபவரோ மிகுதியாகச் செலுத்துகிறார். ஆடம்பரத்தை மதிப்பால் மட்டும் அளந்தமை இம்முறையின் குறை எனலாம்.

உரிமையாளர் ஒரு நேரத்தில் ஓர் இருக்கையில்தான் அமர முடியும். மற்ற வண்டிகளுக்கும் சாலை வரி உண்டு, காப்புறுதி உண்டு, மாதாந்திர நிறுத்தக் கட்டணம் உண்டு. பொங்கோல் அடுக்குமாடி வீடுகளின் வாகன நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் போர்த்திய வண்டி மாதக்கணக்கில் அசையாமல் நின்றாலும், அதன் சான்றிதழின் பத்தாண்டு நாள்தோறும் கழிந்துகொண்டே இருக்கும். உரிமையாளர் முன்வந்து பதிவை நீக்கினால் மீதக் காலத்துக்குரிய தொகை அவருக்குத் திரும்பும். அந்த இடமும் வரவிருக்கும் ஏலங்களின் பங்கீட்டில் சேரும்.