சிலேட்டு: கல்லும் சொல்லும்

சிலேட்டு, பிளவுபடும் தன்மையால் பெயர்பெற்ற கல். பழைய பிரெஞ்சு மொழியில் 'எஸ்கிலாத்' என்றால் பிளந்த சில்லு. அது ஆங்கிலத்தில் 'ஸ்லேட்' ஆனது. சொல்லின் முதலில் இரு மெய்கள் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்காது. அதனால் இடையில் இகரமும் ஈற்றில் உகரமும் பெற்று 'சிலேட்டு' ஆயிற்று. கல்லைக் குறிக்கும் 'சிலை'யோடு இதற்கு ஒலியொப்புமை உண்டே தவிர உறவில்லை.

களிமண் படிந்து இறுகிய களிப்பாறை, மலைகள் மடியும்போது எழும் அழுத்தத்திலும் சில நூறு பாகை வெப்பத்திலும் சிலேட்டாக உருமாறுகிறது. அப்போது மைக்கா, குளோரைட்டு முதலிய தகட்டுக் கனிமங்கள் அழுத்தத்துக்குச் செங்குத்தாக அணிவகுக்கின்றன. உளி வைத்துத் தட்டினால் கல் அந்தத் தளத்திலேயே பிளக்கும். பழைய வண்டல் அடுக்கைப் பின்பற்றாது. தகடு வழவழப்பாக இருக்கும். நீர் எளிதில் ஊறாது. குறையற்ற தகட்டைச் சுண்டினால் கணீரென ஒலிக்கும்; கீறல் இருந்தால் ஒலி மங்கும். இமாச்சலத்தின் காங்க்ராவில் இது கூரையானது. ஆந்திரத்தின் மார்க்காபுரத்தில் எழுதுபலகையானது.

சிங்கப்பூரில் சிலேட்டுச் சுரங்கம் இல்லை. புக்கிட் தீமாவும் புலாவ் உபினும் தந்தவை கருங்கல். ஜூரோங்கில் இருப்பது மணற்கல்லும் களிப்பாறையும். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்குக் கூரை சுட்ட மண் ஓடு. எனவே இங்குள்ள தமிழருக்குச் சிலேட்டு பள்ளிக்கூடப் பொருளாகவே அறிமுகம்.

அப்பொருளுக்கு முன் எழுதிப் பழக மணல் இருந்தது. திண்ணைப் பள்ளிகளின் அவ்வழக்கத்தை, 1789 முதல் சென்னையில் அனாதைப் பள்ளியை மேற்பார்வையிட்ட ஆண்ட்ரூ பெல்லும் கைக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் மணலின் இடத்தைச் சிலேட்டு பிடித்தது. சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் 1834இல் தமிழ் வகுப்பு தொடங்கியதும், பின்னர் நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மிஷன் பள்ளி நடத்தியதும் சிலேட்டு வழங்கிய அந்த நெடுங்காலத்தில்தான்.

சிலேட்டில் எழுதும் குச்சி பலப்பம். தெலுங்கின் 'பலபமு' வழி வந்த சொல். பலப்பம் இழைக்கும் மாக்கல்லும் உருமாறிய பாறையே. அதில் மிகுந்திருக்கும் டால்க், மோ கடினத்தன்மை அளவையில் 1 மட்டுமே. அதனால் சிலேட்டில் உரசும்போது பலப்பம்தான் தேய்ந்து வெண்கோடாகப் படிகிறது; ஈரத்துணியாலோ கோவை இலையாலோ துடைத்தால் அழிகிறது.

பின்னாளில் தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் வந்த பலகைகளுக்கும் சிலேட்டு என்ற பெயரே நிலைத்தது. கல்லை மட்டும் தனித்துச் சுட்ட நிலவியல் தமிழ் 'பலகைப்பாறை' என்கிறது. பிரெஞ்சில் கல்லின் பிளவு பெயர் தந்தது. தமிழில் அதன் பயன் பெயர் தந்தது.